தினமும் இடுப்பில் வைக்கச் சின்ன பிஸ்டல்: எதை எடுக்கலாம்?

#1 கருவேலன்

எல்லோருக்கும் வணக்கம். இங்கே அமெரிக்காவில் துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்வதற்கான பெர்மிட் ஒருவழியாகக் கைக்கு வந்துவிட்டது. என்னிடம் இருப்பது பெரிய பிஸ்டலான கிளாக் 17 ஒன்றுதான். சுட்டுப் பழகும் ரேஞ்சில் அதோடு நன்றாகப் பழகிவிட்டேன். ஆனால் தினமும் அதை இடுப்பில் செருகிக்கொண்டு அலைவது என் உடம்புக்குச் சரிவராது. ஒல்லியான ஆள், 5 அடி 6 அங்குலம், கை நடுத்தர அளவு. பெரும்பாலும் டீ ஷர்ட், ஜீன்ஸ். சில நாட்கள் சட்டையை இன் பண்ண வேண்டியிருக்கும்.

மனதில் இருப்பவை சிக் பி365, கிளாக் 43எக்ஸ், ஸ்மித் அண்ட் வெஸன் ஷீல்டு பிளஸ். ஒரு நண்பர், இதெல்லாம் வேண்டாம், ரூகர் எல்சிபி ஒன்றை வாங்கி பாக்கெட்டில் போட்டுக்கொள், இருப்பதே தெரியாது என்கிறார். வீட்டில் 4 வயதில் ஒரு பெண் குழந்தை இருக்கிறாள், அதையும் கணக்கில் வைத்துச் சொல்லுங்கள்.

#2 ஓரமாநிற்பவன்

கிளாக் 19. அடுத்த கேள்வி?

#3 தோட்டாக்கிடங்கு

ஓரமா, நீங்கள் யார் கேட்டாலும் இதையேதான் சொல்கிறீர்கள். 1988ல் வந்த துப்பாக்கி, 4 அங்குல பேரல் (குழல்), 15 தோட்டா, இன்றைக்கும் நல்ல துப்பாக்கிதான், மறுக்கவில்லை. ஆனால் கேட்டவர் ஒல்லி, சட்டையை இன் பண்ணுகிறவர்.

கருவேலன், கடைக்குப் போகும் முன் ஒரு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். முதல் தடவை வாங்குகிற பலரும் பேரல் நீளத்தைத்தான் பார்க்கிறார்கள். பேரல் பேன்ட்டுக்குள் போய்விடுகிறது, அது அரை அங்குலம் கூடினாலும் குறைந்தாலும் வெளியே யாருக்கும் தெரியாது. சட்டைக்கு மேல் புடைத்துக்கொண்டு காட்டிக்கொடுப்பது கிரிப், அதாவது கைப்பிடி, அதிலும் அதன் அடிப்பகுதி. குனியும்போதும் திரும்பும்போதும் துணியைத் தள்ளுவது அதுதான். எனவே முதலில் பார்க்க வேண்டியது உயரம், அடுத்து தடிமன், அதற்கப்புறம்தான் நீளம்.

இப்போது உங்கள் பட்டியலுக்கு வருவோம். கிளாக் 43எக்ஸ் மெல்லியது, சுமார் 28 மில்லிமீட்டர். கிளாக் 19 சுமார் 34. அந்த 6 மில்லிமீட்டரை இடுப்பில் நன்றாக உணரலாம். ஆனால் மேகசினோடு (தோட்டா அடுக்கும் பெட்டி) சேர்த்த உயரம் இரண்டுக்குமே 128 மில்லிமீட்டர். அதாவது 43எக்ஸ் எடுத்தால் வசதி கூடும், கிரிப் புடைப்பது அப்படியே இருக்கும். தோட்டாவும் 15லிருந்து 10 ஆகிவிடும். பி365 உயரம் 110க்குள் அடங்கிவிடும், 2018ல் வந்தபோது அவ்வளவு சின்ன உடம்பில் 10 தோட்டா வைத்ததுதான் எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைத்தது. அதுவரை அந்த அளவில் 6, 7, 8 என்றுதான் இருந்தது. அதற்கு அடுத்த வருடம் ஹெல்கேட், 2021ல் ஷீல்டு பிளஸ் எல்லாம் அந்தப் பாதையில் வந்தவைதான்.

எல்சிபி பற்றித் தனியாக எழுதுகிறேன், அதற்கு நிறைய சொல்ல வேண்டும்.

#4 பழைய சிலிண்டர்

யாரும் ரிவால்வர் பக்கம் வர மாட்டீர்களே. ஸ்மித் 642. 5 தோட்டா, வகை .38 ஸ்பெஷல், எடை சுமார் 410 கிராம். தோட்டாவை அடிக்கும் சுத்தி உள்ளே மறைந்திருப்பதால் துணியில் மாட்டாது. பாக்கெட் ஹோல்ஸ்டரில் (துப்பாக்கி உறை) போட்டுக் கையை உள்ளே விட்டு நின்றால் சும்மா நிற்கிற மனிதன் மாதிரிதான் தெரியும், ஆனால் கை ஏற்கெனவே கிரிப்பில் இருக்கும். எந்த பிஸ்டலிலும் இது முடியாது. தோட்டா வெடிக்கவில்லையா, இன்னொரு முறை டிரிகரை இழுத்தால் அடுத்த அறை வந்துவிடும்.

#5 வடக்குவாசல்

சிலிண்டர் சார், நானும் 642 வைத்திருக்கிறேன், ஆகவே பாதி உண்மையை நான் சொல்லிவிடுகிறேன். டிரிகர் சுமார் 5 கிலோ இழுவை, அதுவும் நீளமான இழுவை. கிளாக்கில் இரண்டரை கிலோதான். குறி பார்க்கும் சைட் என்று இருப்பது மேலே ஒரு பள்ளம், முன்னால் ஒரு முளை. எடை குறைவு என்பதால் சுடும்போது வரும் உதை கையைப் பதம் பார்க்கும். பத்து கெஜத்தில் ஒரு தட்டு அளவுக்குள் ஐந்தையும் போடுகிறவர் பல வருடம் அதோடு வாழ்ந்தவராக இருப்பார். புதிதாக வாங்குகிறவர் கையில் முதலில் கொடுக்க வேண்டிய பொருள் அல்ல அது. கிளாக் 17 டிரிகருக்குப் பழகியவருக்கு எல்லாமே முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

#6 பழைய சிலிண்டர்

கற்றுக்கொள்ள நேரம் ஆகும் என்பதை ஒத்துக்கொள்கிறேன். பாக்கெட் விஷயத்தை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

#7 தோட்டாக்கிடங்கு

சரி, எல்சிபி. 2008ல் வந்தது, .380 என்ற சின்னத் தோட்டா, எடை 270 கிராம் போல. உண்மையிலேயே இருப்பது தெரியாது, நண்பர் சொன்னது சரி. சிக்கல் சுடும்போதுதான். பிடிப்பதற்கு இரண்டு விரல் இடம், சின்ன சைட், எடை இல்லாததால் கைக்குள் துள்ளல். இப்படிப்பட்டதை யாரும் விரும்பி ரேஞ்சுக்கு எடுத்துப் போக மாட்டார்கள், அதனால் பயிற்சியும் நடக்காது. தோட்டாவிலும் இழுபறி உண்டு. .380ஐ அவ்வளவு குட்டிப் பேரலிலிருந்து சுடும்போது ஹாலோ பாயின்ட் (முனையில் குழி உள்ள, பட்டதும் விரியும் தோட்டா) சரியாக விரிந்தால் ஆழம் போதாது, ஆழம் போனால் பல நேரம் விரியாது. அதனால்தான் பலர் .380க்கு உருண்டை முனைத் தோட்டாவையே போட்டுக்கொள்கிறார்கள்.

வேறு எதையும் எடுத்துச் செல்லவே முடியாத நாட்களுக்கு அது சரி. ஒரே ஒரு துப்பாக்கி என்றால் என் ஓட்டு அதற்கு இல்லை.

#8 கருவேலன்

நன்றி அண்ணா, உயரம் பற்றி நீங்கள் சொன்னதை நான் யோசிக்கவே இல்லை. அப்படியானால் 9 எம்எம் போதும்தானே? அதைவிடப் பெரிய .40, .45 தோட்டா என்று ரேஞ்சில் பேசிக்கொண்டே இருக்கிறார்கள்.

#9 வடக்குவாசல்

போதும். அந்தச் சண்டையின் கதையைத் தெரிந்துகொண்டால் நீங்களே முடிவு செய்துவிடலாம். 1986 ஏப்ரலில் மியாமியில் எஃப்பிஐ ஆட்களுக்கும் இரண்டு கொள்ளையர்களுக்கும் பெரிய துப்பாக்கிச் சண்டை. இரண்டு ஏஜென்ட்கள் இறந்தார்கள். கொள்ளையரில் ஒருவனுக்கு ஆரம்பத்திலேயே கையைத் துளைத்து நெஞ்சுக்குள் ஒரு 9 எம்எம் போயிற்று, ஆனால் இதயத்தை எட்டும் முன் நின்றுவிட்டது. அதற்கப்புறமும் அவன் சண்டை போட்டான். அதன்பின் எஃப்பிஐ தோட்டாவைச் சோதிக்க ஒரு முறையை வகுத்தது. ஜெலட்டின் கட்டியில், கனத்த துணி போன்ற தடைகளைத் தாண்டியும், குறைந்தது 12 அங்குலம் போக வேண்டும், 18ஐத் தாண்டக் கூடாது. முதலில் 10 எம்எம் பக்கம் போனார்கள், 1990ல் .40 வந்தது, நாடு முழுக்கப் போலீஸ் அதை வாங்கியது.

அந்தச் சோதனை வந்ததால் தோட்டா செய்கிறவர்கள் 9 எம்எம்மையும் அதற்கேற்பத் திருத்திவிட்டார்கள். இன்றைய நல்ல 9 எம்எம் ஹாலோ பாயின்ட் அந்த அளவுக்குள் வந்து நிற்கிறது, உதை குறைவு, மேகசினில் கூடுதல் தோட்டா. எஃப்பிஐயே 2016ல் 9 எம்எம் கிளாக்குக்குத் திரும்பிவிட்டது. சின்னத் துப்பாக்கியில் .40 என்பது வேகமாக இரண்டாவது தோட்டாவைச் சுட விடாத ஒரு தண்டனை.

ஒன்றே ஒன்று: 3 அங்குல பேரலில் வேகம் கொஞ்சம் குறையும். குட்டிப் பேரலுக்கு என்றே செய்த தோட்டா இருக்கிறது, பெட்டியில் பார்த்து வாங்குங்கள்.

#10 நொச்சி

நானும் ஒரு வார்த்தை. இதுவரை எழுதிய எல்லோரும் கை பலம் உள்ளவர்கள் போல எழுதுகிறீர்கள். துப்பாக்கி சின்னதாக ஆக ஸ்லைடுக்குள் (முன்னும் பின்னும் நகரும் மேல்பகுதி) இருக்கும் ஸ்பிரிங் இறுகும். எனக்கு விரல் மூட்டுவலி உண்டு. கடையில் பி365ஐயும் இன்னும் சிலவற்றையும் கையில் வாங்கிப் பார்த்தேன், ஸ்லைடை முழுக்க இழுக்க முடிந்தது ஷீல்டு இஇசட் ஒன்றில்தான். அதற்கென்றே இலேசான ஸ்பிரிங் போட்டுச் செய்தது, 2018ல் .380ல் வந்தது, 2020ல் 9 எம்எம்மிலும். கொஞ்சம் பெரியதுதான், கிரிப்பின் பின்னால் அழுத்தினால்தான் சுடும் ஒரு சேஃப்டியும் உண்டு. வீட்டில் மனைவியோ அம்மாவோ எடுக்க வேண்டி வரும் என்றால் அவர்கள் கையிலும் கொடுத்துப் பாருங்கள்.

அப்புறம், கைப்பை. "பெண்களுக்குக் கைப்பையில் வைத்தால் வசதி" என்று யாராவது சொல்ல வருவதற்குள் சொல்லிவிடுகிறேன். பையைப் பறித்தால் துப்பாக்கியும் போயிற்று. நாற்காலியில் மாட்டிவிட்டு எழுந்தால் குழந்தை கைக்குப் போயிற்று. பேன்ட் போடாத நாட்களுக்கு வயிற்றைச் சுற்றிக் கட்டும் பட்டை வகை இருக்கிறது, ஆனால் டிரிகரை மூடுகிற கெட்டியான ஓடு அதற்குள் இருக்க வேண்டும். வெறும் எலாஸ்டிக் பையாக இருந்தால் வேண்டாம்.

#11 தோட்டாக்கிடங்கு

நொச்சி அக்கா சொன்ன டிரிகர் மூடும் ஓடு, அதைப் பிடித்துக்கொண்டே நான் ஹோல்ஸ்டருக்கு வருகிறேன். இந்த இழையில் இன்னும் யாருமே அதைத் தொடவில்லை என்பது ஆச்சரியம்தான். எந்த பிஸ்டல் என்பதைவிட எந்த ஹோல்ஸ்டர், எந்த பெல்ட் என்பதுதான் நீங்கள் அதைத் தினமும் வைத்துக்கொள்வீர்களா அல்லது இரண்டு வாரத்தில் அலமாரியில் போடுவீர்களா என்பதைத் தீர்மானிக்கிறது.

முதலில் பொருள். கைடெக்ஸ் என்ற கெட்டி பிளாஸ்டிக் அல்லது நல்ல தடித்த தோல். அந்த மாடலுக்கென்றே வார்த்ததாக இருக்க வேண்டும். எல்லாத் துப்பாக்கிக்கும் பொருந்தும் என்று விற்கும் மெத்தென்ற நைலான் பை, மடங்கி டிரிகர் பக்கம் போய்விடும். டிரிகர் வளையம் முழுக்க மூடியிருக்க வேண்டும், ஹோல்ஸ்டரைத் தலைகீழாகப் பிடித்துக் குலுக்கினாலும் (காலித் துப்பாக்கியோடு!) விழக் கூடாது, துப்பாக்கியை எடுத்த பிறகும் அதன் வாய் திறந்தே நிற்க வேண்டும்.

அடுத்து, எங்கே வைப்பது. பழைய வழி வலது இடுப்புக்குப் பின்னால், கடிகாரத்தில் 4 மணி இருக்கும் இடம். கோட் போடுகிறவருக்கு நல்லது, குனிந்தால் புடைக்கும், எடுக்கக் கை பின்னால் போக வேண்டும். ஒல்லியானவர்களுக்கு முன்பக்கம், தொப்புளுக்குச் சற்று வலது, அப்பென்டிக்ஸ் என்று சொல்லும் இடம்தான் நன்றாக மறையும். அந்த வகை ஹோல்ஸ்டரில் இரண்டு விஷயம் பாருங்கள். பெல்ட்டில் முட்டி கிரிப்பை உடம்புப் பக்கம் திருப்பும் ஒரு சின்னக் கொக்கி, கிளா என்பார்கள். இன்னொன்று அடியில் ஒட்டும் ஸ்பாஞ்ச் ஆப்பு, அது பேரல் முனையை வெளியே தள்ளி கிரிப்பை உள்ளே சாய்க்கும். இந்த இரண்டும் இருந்தால் கிளாக் 19கூட டீ ஷர்ட்டுக்குள் மறையும். ஓரமாநிற்பவன் சொல்வதில் நியாயம் இருப்பது இங்கேதான்.

நீளமான பேரல் முன்பக்கம் வைக்க நல்லது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பெல்ட்டுக்குக் கீழே நீளம் இருந்தால் மேல்பகுதி வெளியே சாயாமல் நிற்கும். குட்டித் துப்பாக்கிக்குக்கூடச் சிலர் நீளமான ஹோல்ஸ்டர் வாங்குவது அதனால்தான்.

பெல்ட் விறைப்பாக இருக்க வேண்டும். சாதாரண ஃபேஷன் பெல்ட் துப்பாக்கி எடையில் தொங்கிப்போய், நாள் முழுக்க பேன்ட்டைத் தூக்கிவிட்டுக்கொண்டே இருப்பீர்கள். மறைத்து வைப்பதில் பாதிப் பேர் மாட்டுவது இப்படித் தொட்டுத் தொட்டுப் பார்ப்பதால்தான்.

#12 வடக்குவாசல்

இதோடு ஒன்று சேர்க்கிறேன். அப்பென்டிக்ஸ் வைக்கிறவர் துப்பாக்கியைத் திரும்பச் செருகும்போது அவசரமே கூடாது. தவறி வெடித்த சம்பவங்களில் நிறைய இந்த நொடியில்தான், சட்டை நுனியோ ஜாக்கெட் நாடாவோ டிரிகருக்குள் மாட்டி. துணியை முழுக்க விலக்கி, கண்ணால் பார்த்து, இடுப்பை முன்னால் தள்ளி மெதுவாகச் செருகுங்கள். அதைவிட நல்லது, ஹோல்ஸ்டரோடு சேர்த்தே மாட்டி, ஹோல்ஸ்டரோடு சேர்த்தே கழற்றுவது. சுத்தி உள்ள பிஸ்டல் என்றால் செருகும்போது கட்டைவிரலைச் சுத்தி மேல் வைத்துக்கொள்ளலாம், அது அசைந்தால் உடனே தெரியும். கிளாக், பி365 வகைக்கு அந்த வசதி இல்லை.

#13 கருவேலன்

இதைப் படித்ததும் ஒரு சந்தேகம். கையால் போடும் சேஃப்டி உள்ளதாக வாங்கலாமா? இல்லையென்றால் சேம்பரில் (சுடத் தயாராகத் தோட்டா நிற்கும் அறை) தோட்டா இல்லாமல் வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது ஸ்லைடை இழுத்தால்? குழந்தை இருப்பதால் கேட்கிறேன்.

#14 ஓரமாநிற்பவன்

சேம்பர் காலியாக வைப்பது இரண்டு கையும் சும்மா இருக்கும் என்று நம்புகிறவர்களுக்கு. ஒரு கையால் குழந்தையை இழுத்துப் பிடித்திருக்கும்போது ஸ்லைடை எதால் இழுப்பீர்கள்?

#15 நொச்சி

ஓரமா இப்போதுதான் ஒரு முழு வாக்கியம் எழுதியிருக்கிறார், அதுவும் சரியாக. சேஃப்டி விஷயத்தில் என் கருத்து வேறு. ஷீல்டு பிளஸ், பி365 இரண்டும் சேஃப்டியோடும் கிடைக்கும், இல்லாமலும் கிடைக்கும். போட்டால் ஒவ்வொரு முறை உருவும்போதும் கட்டைவிரல் தானாக அதை இறக்கும்வரை பழக வேண்டும். பாதி நாள் மட்டும் நினைவுக்கு வருகிற சேஃப்டி ஆபத்து. பழகத் தயார் என்றால் அது கூடுதல் காவல், அதுவும் செருகும்போது. கிளாக் 17ஐயும் மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் அதில் கையால் போடும் சேஃப்டி கிடையாது, இரண்டும் ஒரே மாதிரி இருப்பதே நல்லது.

ஆனால் தம்பி, குழந்தைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சேஃப்டியைக் குழந்தை இறக்கிவிடும். சின்ன விரலால் டிரிகரை இழுக்க முடியாது என்று நினைப்பதும் தவறு, இரண்டு கட்டைவிரலையும் சேர்த்து அழுத்தும். துப்பாக்கி உங்கள் உடம்பில் இருக்க வேண்டும், இல்லையென்றால் பூட்டில் இருக்க வேண்டும். மூன்றாவது இடம் கிடையாது. அலமாரி மேல்தட்டு, தலையணைக்குக் கீழ், கார் டேஷ்போர்டு எதுவும் இடமில்லை. பட்டன் எண்ணில் திறக்கும் சின்ன இரும்புப் பெட்டியை வாங்கி, சுவரிலோ கட்டிலிலோ திருகி மாட்டுங்கள். துப்பாக்கிக்கு ஒதுக்கும் பணத்திலேயே அதற்கும் சேர்த்து ஒதுக்குங்கள்.

பொதுக் கழிப்பறையில் துப்பாக்கியைக் கழற்றி டாய்லெட் பேப்பர் பெட்டி மேல் வைத்துவிட்டு மறந்து வந்தவர்கள் செய்தியில் வந்துகொண்டே இருக்கிறார்கள். ஹோல்ஸ்டரிலிருந்து எடுக்கவே வேண்டாம், பேன்ட்டை முழங்காலுக்கு மேலேயே பிடித்துக்கொள்ளுங்கள்.

#16 கருவேலன்

வாடகைக்குத் துப்பாக்கி தரும் ரேஞ்சுக்குப் போய் மூன்றையும் சுட்டுப் பார்த்தேன், கூடவே பி365எக்ஸ்எல். விவரம் சொல்கிறேன்.

பி365 கையில் எடுத்ததும் இதுதான் என்று தோன்றியது. சுட்டதும் தோன்றவில்லை. சுண்டுவிரலுக்கு இடமில்லை, ஒவ்வொரு முறையும் பிடியைச் சரிசெய்துகொண்டே இருந்தேன், தோட்டாக்கள் இடப்பக்கம் கீழே போயின. ஷீல்டு பிளஸ் டிரிகர் நான்கிலும் நல்லது, ஆனால் கிரிப் சாய்மானம் கிளாக்குக்குப் பழகிய கைக்கு வேறு மாதிரி. 43எக்ஸ் வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது, கூர்மையான உதை மட்டும் கொஞ்சம். எக்ஸ்எல் தான் ஆச்சரியம். 3.7 அங்குல பேரல், 12 தோட்டா, முழுக் கையும் பிடிக்கிறது, வேகமாகச் சுட்டாலும் தட்டுக்குள் நின்றன.

எக்ஸ்எல்லா, 43எக்ஸா? ரெட் டாட் (கண்ணாடிக்குள் சிவப்புப் புள்ளி காட்டிக் குறி பார்க்க உதவும் கருவி) போட வேண்டுமா என்பதும் கேள்வி.

#17 தோட்டாக்கிடங்கு

நீங்களே பதில் சொல்லிவிட்டீர்கள், தட்டுக்குள் நின்றதை வாங்குங்கள். எக்ஸ்எல் உயரம் 122 மில்லிமீட்டர் போல, 43எக்ஸைவிடக் கொஞ்சம் குறைவுதான். இன்னொரு வசதி: பி365ல் சீரியல் நம்பர் போட்ட பாகம் உள்ளே இருக்கும் டிரிகர் தொகுதி. சட்டப்படி அதுதான் துப்பாக்கி. வெளியே இருக்கும் பிளாஸ்டிக் கிரிப்பைத் தனியாக வாங்கி மாற்றலாம். இன் பண்ணும் நாட்களுக்குக் குட்டை கிரிப், மற்ற நாட்களுக்குப் பெரியது.

ரெட் டாட் நல்லதுதான், வயது ஏறிக் கண் மங்கும்போது இன்னும் நல்லது. ஆனால் ஆரம்பத்தில் துப்பாக்கியை உயர்த்தினால் கண்ணாடிக்குள் புள்ளி இருக்காது, தேடுவீர்கள். வீட்டில் காலித் துப்பாக்கியோடு தினமும் உருவிப் பழகினால்தான் புள்ளி தானாகக் கண்முன் வந்து நிற்கும். முதலில் இரும்பு சைட்டில் பழகுங்கள். ரெட் டாட் பொருத்த ஸ்லைடில் இடம் வெட்டிய மாடலாக வாங்கினால் பின்னால் சேர்த்துக்கொள்ளலாம்.

#18 வடக்குவாசல்

வீட்டில் பழகும்போது தோட்டா எல்லாம் வேறு அறையில் இருக்கட்டும். சேம்பரைக் கண்ணாலும் பாருங்கள், விரலாலும் தொட்டுப் பாருங்கள். பழகி முடித்துத் தோட்டா போட்டதும் "இன்னும் ஒரு தடவை" என்று ஆரம்பிக்காதீர்கள்.

வாங்கியதும் சாதாரணத் தோட்டாவில் இருநூறு போல ஓட்டுங்கள். அப்புறம் நீங்கள் எடுத்துச் செல்லப் போகும் ஹாலோ பாயின்ட்டையே எல்லா மேகசினிலும் போட்டு இரண்டு மூன்று பெட்டி சுடுங்கள். விலை அதிகம்தான், ஆனால் அந்தத் தோட்டா அந்தத் துப்பாக்கியில் சிக்காமல் ஓடுமா என்பதை வேறு எப்படியும் தெரிந்துகொள்ள முடியாது. சின்னத் துப்பாக்கிகள் தளர்ந்த பிடியை மன்னிக்காது, மணிக்கட்டு மடங்கினால் ஸ்லைடு முழுக்கப் பின்னால் போகாமல் சிக்கிக்கொள்ளும். அப்படிச் சிக்கினால் முதலில் பிடியைப் பாருங்கள், அப்புறம் துப்பாக்கியைக் குறை சொல்லலாம்.

தினமும் இரவில் சேம்பரைக் காலி செய்து காலையில் அதே தோட்டாவைப் போடுகிறவராக இருந்தால், அந்த ஒரு தோட்டாவை மற்றதோடு நிறுத்தி உயரம் பாருங்கள். திரும்பத் திரும்ப மோதுவதால் குண்டு உறைக்குள் இறங்கும், அழுத்தம் ஏறிவிடும். குட்டையாகத் தெரிந்தால் அதைச் சுட வேண்டாம், ரேஞ்சில் கொடுத்து அப்புறப்படுத்துங்கள்.

#19 பழைய சிலிண்டர்

ரிவால்வரில் இந்தத் தொல்லை இல்லை என்பதைப் பதிவு செய்துகொள்கிறேன்.

#20 கருவேலன்

எக்ஸ்எல் ஆர்டர் போட்டாயிற்று, சேஃப்டி இல்லாதது. கூடவே கிளா உள்ள கைடெக்ஸ் ஹோல்ஸ்டர், விறைப்பான பெல்ட், இரும்புப் பெட்டி. கடைசியாக ஒன்று: அடுத்த மாதம் காரில் இரண்டு மூன்று மாநிலம் தாண்டிப் போக வேண்டும். பெர்மிட் எல்லா இடத்திலும் செல்லும்தானே?

#21 நொச்சி

செல்லாது. உங்கள் பெர்மிட்டை எந்த மாநிலம் ஏற்கும், எது ஏற்காது என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறு, அடிக்கடி மாறவும் செய்யும். கிளம்பும் முந்தின நாள் ஒவ்வொரு மாநிலத்தின் அரசுத் தளத்திலும் பாருங்கள். ஏற்காத மாநிலம் குறுக்கே வந்தால், எல்லைக்கு முன்னாலேயே காலி செய்து, துப்பாக்கியும் தோட்டாவும் கைக்கு எட்டாதபடி டிக்கியில் பூட்டிய பெட்டியில் வைத்து, நிற்காமல் கடந்து போங்கள். கிளம்பும் இடத்திலும் போய்ச் சேரும் இடத்திலும் அது சட்டப்படி சரியாக இருந்தால்தான் இப்படிக் கடந்து போகச் சட்டம் தரும் பாதுகாப்பும். உங்கள் 12 தோட்டா மேகசின் கலிபோர்னியா, நியூயார்க், நியூஜெர்சி, மாசசூசெட்ஸ், கனெக்டிகட் போன்ற இடங்களில் ஆகாது, அங்கே வரம்பு 10. போலீஸ் நிறுத்தினால் துப்பாக்கி இருப்பதைக் கேட்காமலே சொல்ல வேண்டிய மாநிலங்களும் உண்டு, கேட்டால் மட்டும் சொல்ல வேண்டியவையும் உண்டு. மத்திய அரசுக் கட்டடத்துக்குள் எந்த மாநிலத்திலும் கூடாது. உங்கள் அலுவலக விதியையும் ஒருமுறை படித்துவிடுங்கள், சட்டம் அனுமதித்தாலும் வேலை போகலாம்.

#22 கருவேலன்

வழியில் நியூஜெர்சி வருகிறது அக்கா. 10 தோட்டா மேகசின் இரண்டு சேர்த்து ஆர்டர் போடுகிறேன்.

#23 நொச்சி

மேகசின் மட்டும் மாற்றினால் போதாது தம்பி. அங்கே உங்கள் பெர்மிட்டே செல்லாது. 12 தோட்டா மேகசின்களை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள், ஹாலோ பாயின்ட் தோட்டாவுக்கும் அங்கே தனி விதி இருக்கிறது. அந்தப் பயணத்துக்குத் துப்பாக்கியே வேண்டுமா என்று பாருங்கள்.

#24 ஓரமாநிற்பவன்

கிளாக் 19க்கும் 10 தோட்டா மேகசின் கிடைக்கும். சும்மா சொன்னேன்.